அத்தை ரிங் ஃபிட் ஆடலாமா?

கேள்வி: என் மாமியாருக்கு வயது 72. பொங்கோலில் எங்களோடுதான் இருக்கிறார். பல வருடங்களாக நீரிழிவும் ரத்தக்கொதிப்பும் உண்டு, இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். முழங்கால் தேய்மானமும் இருக்கிறது. போன டிசம்பரில் கழிவறைப் படி தடுக்கி விழுந்துவிட்டார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. ஆனால் வாராவாரம் தேக்காவுக்குத் தனியாகப் போய் மீன் வாங்கி வந்தவர், அதற்கப்புறம் லிஃப்ட் வரைகூட தனியாகப் போவதில்லை. பலதுறை மருந்தகத்தில் பிசியோதெரபிக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார்கள், அதற்கான நாள் வர இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. என் மகனுக்கு 11 வயது. அவன் நிண்டெண்டோ ஸ்விட்சில் ரிங் ஃபிட் என்ற உடற்பயிற்சி வீடியோ கேம் ஆடுவதைப் பார்த்து, ஒருநாள் அத்தையே அதன் வளையத்தைக் கேட்டு வாங்கி அமுக்கிப் பார்த்தார். விழுந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். மேலே ஏறி நின்று ஆடும் பழைய வீ ஃபிட் பலகை ஒன்றும் ஸ்டோர் ரூமில் கிடக்கிறது. இவற்றை வைத்து அவருக்குப் பயிற்சி கொடுக்கலாமா? என் கணவர், "இந்த வயசுல எதுக்கு இந்த விஷப்பரீட்சை?" என்கிறார். எனக்கோ அவரைச் சும்மா உட்கார வைப்பதுதான் பயமாக இருக்கிறது.

— வாசகி, பொங்கோல்

பதில்:

சகோதரிக்கு வணக்கம். சும்மா உட்கார வைக்கப் பயப்படுகிறீர்களே, அந்தப் பயம் நியாயமானது. ஒருமுறை விழுந்தவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது எலும்பு முறிவை அல்ல, அடுத்து வரும் அச்சத்தைத்தான். அச்சத்தில் நடை குறையும், நடை குறைந்தால் தொடைத் தசை வற்றும், தசை வற்றினால் மறுபடி விழுவது எளிதாகிவிடும். ஆகவே அத்தை ஆடலாம். ஆனால் உங்கள் கணவரின் கவலையையும் தள்ளிவிடாதீர்கள். எந்த ஆட்டம், எப்படி நின்று ஆடுவது, பக்கத்தில் யார் நிற்பது என்பதையெல்லாம் முடிவு செய்யாமல் தொடங்கினால் அவர் பயப்படுவது நடந்துவிடலாம்.

முதலில் ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அத்தை உண்மையிலேயே தடுக்கித்தான் விழுந்தாரா? தனியாக இருக்கும்போது பக்குவமாகக் கேளுங்கள்: "அத்தை, விழறதுக்கு முன்னாடி தலை சுத்துச்சா? கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சா?" மயக்கம் வந்தது என்று சொன்னால் பிள்ளைகள் வெளியே விடமாட்டார்கள் என்று நினைத்து, "தடுக்கிடுச்சு" என்று சொல்லி முடித்துவிடும் பெரியவர்கள் நிறையப் பேர்.

வீட்டில் ரத்த அழுத்தக் கருவி இருந்தால் இப்படிச் செய்து பாருங்கள். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு தடவை அளந்துகொள்ளுங்கள். எழுந்து நின்றதும் 1 நிமிடத்தில் ஒன்று, 3 நிமிடத்தில் ஒன்று. மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ, நிற்கும்போது தலை சுற்றுகிறது என்று சொன்னாலோ, ஆட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.

அடுத்தது பாதம். நீரிழிவு நெடுநாளாக இருந்தால் பாதத்தின் உணர்ச்சி மெல்ல மங்கும். அது அவருக்கே தெரியாமல் நடக்கும். கட்டிலில் படுக்க வைத்துக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் விரல் நுனியால் ஓரிரு விநாடி லேசாகத் தொடுங்கள். அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது. தொடும்போதெல்லாம் அவர் சொல்ல வேண்டும். ஆறு விரல்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று பொருள். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆண்டுதோறும் செய்யும் பாதப் பரிசோதனை கடைசியாக எப்போது நடந்தது என்பதையும் பாருங்கள்.

பாதத்தை இவ்வளவு பிடித்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. நாம் விழாமல் நிற்க மூளைக்கு மூன்று இடத்திலிருந்து தகவல் போகிறது: கண், உட்காது, பாதமும் மூட்டுகளும். பாதத்திலிருந்து வருவது மங்கினால் அந்த வேலையையும் கண்தான் சேர்த்துப் பார்க்கும். அதனால்தான் இப்படிப்பட்டவர்கள் பகலில் நன்றாக நடமாடிவிட்டு, இரவில் விளக்குப் போடாமல் கழிவறைக்குப் போகும்போது விழுகிறார்கள். உங்கள் வீட்டில் நடந்ததும் இருட்டிலா என்று நீங்கள் எழுதவில்லை, விசாரித்துப் பாருங்கள். கண்ணை முழுக்க மூடிக்கொள்ளும் விஆர் (மெய்நிகர்) கருவியை யாராவது சிபாரிசு செய்தால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அத்தை போன்றவர்களுக்கு மிச்சமிருக்கும் பெரிய துணையையே அது பறித்துவிடும்.

இப்போது ஆட்டத்துக்கு வருவோம். சிட்னியில் வீட்டில் வசிக்கும் 65 வயதுக்கு மேற்பட்ட 769 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2024இல் வெளிவந்தன. ஒரு குழுவுக்குத் தொலைக்காட்சியோடு இணைந்த மிதிவிரிப்பு கொடுத்தார்கள். திரையில் வருவதற்கு ஏற்ப முன்னே, பின்னே, பக்கவாட்டில் காலெடுத்து வைக்க வேண்டும். இன்னொரு குழு அதே மாதிரி ஆட்டங்களை உட்கார்ந்தபடி கையால் தட்டி ஆடியது. ஓராண்டில், எந்தப் பயிற்சியும் பெறாத குழுவோடு ஒப்பிட்டால், காலெடுத்து வைத்து ஆடியவர்கள் விழுந்தது 26 விழுக்காடு குறைந்தது. உட்கார்ந்து ஆடியவர்களிடம் அப்படிச் சொல்லத்தக்க குறைவு தெரியவில்லை.

எனக்கு இந்த ஒரு முடிவு போதும். வீடியோ கேம் நல்லதா கெட்டதா என்ற விவாதமே வேண்டாம். கால் தரையைவிட்டு எழுந்து வேறோர் இடத்தில் ஊன்றுகிறதா? அது ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். தடுக்கும்போது நம்மைக் காப்பாற்றுவது சட்டென்று எடுத்து வைக்கும் அந்த ஓர் அடிதான். அதைப் பழக்காத ஆட்டம், எவ்வளவு மதிப்பெண் கொடுத்தாலும், விழுவதைத் தடுக்க அதிகம் உதவாது.

இந்தக் கண்ணோடு உங்கள் வீட்டில் இருப்பவற்றைப் பாருங்கள்.

வீ ஃபிட் பலகை 2007இல் வந்தது. அதன் நான்கு மூலையிலும் எடையை உணரும் கருவி உண்டு. உடல் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத் திரையில் புள்ளியாகக் காட்டும். ஒரு காலிலேயே பாரத்தைப் போட்டு நிற்பவர்களுக்கு அதை அவர்கள் கண்ணாலேயே காட்ட இது அருமையான சாதனம். பல மறுவாழ்வு நிலையங்கள் இதைப் பயன்படுத்தியிருக்கின்றன. ஆனால் அதில் இரண்டு காலும் ஒட்டிவைத்த மாதிரி ஒரே இடத்தில்தான் இருக்கும். அதோடு பலகை சுமார் 5 செண்டிமீட்டர் உயரம். ஆட்டத்தில் மூழ்கியவர் அதன்மேல் நிற்பதையே மறந்து பின்பக்கமாகக் காலை வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் விளிம்பு எங்கே முடிகிறது என்பதும் தெரியாது. பிசியோ பார்த்துச் சொல்லும்வரை அந்தப் பலகை ஸ்டோர் ரூமிலேயே இருக்கட்டும். பின்னால் எடுத்தாலும், நாலுகால் நடைச்சட்டத்தைப் பலகையின் குறுக்கே நிறுத்தி, அதைப் பிடித்துக்கொண்டு ஆடுவதுதான் முறை. உடல் வயது என்று அது ஓர் எண்ணைச் சொல்லும், அதை அத்தைக்குக் காட்ட வேண்டாம். மனம் நொந்து போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ரிங் ஃபிட் அட்வென்ச்சர் 2019இல் வந்தது. இடது தொடையில் ஒரு பட்டை, கையில் ஒரு வளையம். நின்ற இடத்தில் காலைத் தூக்கித் தூக்கி வைத்தால் திரையில் உள்ளவர் ஓடுவார். கால் எழுகிறது என்பதால் இதற்கு என் ஓட்டு உண்டு, சில மாற்றங்களோடு. சுமை அளவு 1 முதல் 30 வரை இருக்கும், மிகக் குறைந்த அளவில் தொடங்குங்கள். மூட்டு வலி உள்ளவர்களுக்கு உதவும் அமைப்பு ஒன்று அதிலேயே இருக்கிறது, முழங்காலுக்கானதை இயக்கி வையுங்கள். மகனுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும். இன்னொன்று, அடுக்குமாடி வீட்டில் கீழ்வீட்டுக்காரருக்குத் தொந்தரவு கூடாது என்று பலரும் அதன் அமைதி முறையை இயக்கி வைத்திருப்பார்கள். அதில் ஓடுவதற்குப் பதிலாக முழங்காலை மடக்கி மடக்கி நிமிர வேண்டும். தேய்ந்த முழங்காலுக்கு அது கூடாது. அதை அணைத்துவிட்டு, அத்தையை மெதுவாக நின்ற இடத்தில் நடக்கச் சொல்லுங்கள். 72 வயதுக்காரர் நிதானமாகக் காலெடுத்து வைக்கும் சத்தம் கீழே கேட்காது.

வழியில் வரும் சண்டைகளில் ஆழமாகக் குந்துவது, ஒற்றைக்காலில் யோகா நிற்பது, தரையில் படுப்பது எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். அவற்றை மகன் செய்யட்டும். நடக்கிற பகுதி பாட்டிக்கு, சண்டை பேரனுக்கு என்று பிரித்துக்கொள்ளலாம். பட்டையையும் வளையத்தையும் மாற்றி மாட்டும் நேரம் அத்தைக்கு உட்கார்ந்து மூச்சுவாங்கும் நேரம்.

நாடித்துடிப்பைக் கைப்பிடியில் விரல் வைத்து அளக்கும் வசதியும் அதில் உண்டு. அதை நம்பிப் பயிற்சியைக் கூட்டாதீர்கள். ரத்தக்கொதிப்புக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் பைசோபிரோலால், அட்டினோலால் போன்றவை நாடித்துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கும். களைத்துப் போனாலும் எண் குறைவாகவே காட்டும். ஆடிக்கொண்டே பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச்சு வந்தால் சரி, வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால் நிறுத்த வேண்டும்.

ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸ் இருந்தால் அதில் உள்ள பௌலிங் பெரியவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். கையை வீசினால் பந்து உருளும். ஆனால் கருவி இருப்பது கையில், காலைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. சோபாவில் சாய்ந்துகொண்டே வெற்றி பெறலாம். நடன ஆட்டங்களும் பெரும்பாலும் இப்படித்தான், கை அசைவுக்கே மதிப்பெண். ஆகவே காலுக்கான விதியை வீட்டில் நீங்கள்தான் போட வேண்டும்: பந்தை உருட்டும் முன் இடது காலை ஓர் அடி முன்னே வைத்து, உருட்டிய பின் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும், அடுத்த முறை வலது கால். "காலை வைக்கலைன்னா அந்தப் பந்து கணக்கில்ல" என்று பேரன் சொன்னால் அத்தை கேட்பார். நீங்களோ நானோ சொன்னால் கேட்பாரா என்பது சந்தேகம்தான்.

எதுவுமே வாங்காமல் செய்ய ஒரு வழியும் இருக்கிறது. நம் ஊர் பாண்டி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நொண்டுவதும் குதிப்பதும் வேண்டாம், கட்டம் மட்டும் போதும். தரையில் மாஸ்கிங் டேப்பால் மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது கட்டம் போட்டு எண் எழுதுங்கள். அத்தை நடுக்கட்டத்தில் நிற்கட்டும், பேரன் எண்ணைக் கூப்பிடட்டும். "நாலு!" என்றால் ஒரு காலை நாலில் வைத்து நடுவுக்குத் திரும்ப வேண்டும். பழகிய பிறகு எண்ணுக்குப் பதில் சின்னக் கணக்கு: "எட்டிலிருந்து ரெண்டு போனால்?" விடை உள்ள கட்டத்தில் கால். இது வெறும் வேடிக்கையில்லை. பேச்சுக் கொடுத்ததும் நடையை நிறுத்திவிடும் முதியவர்கள் பின்னாளில் அதிகம் விழுகிறார்கள் என்று சுவீடனில் 1997இலேயே கவனித்து எழுதினார்கள். தேக்காவில் மீன்காரர் விலை சொல்ல, இவர் பேரம் பேச, ஈரத்தரையில் பின்னாலிருந்து யாரோ கூடையோடு வர, அங்கே கவனமும் காலும் சேர்ந்துதான் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. வீட்டில் அதைச் சேர்த்துப் பழக்குவதுதான் இது.

தொடங்கும் முன் அத்தை எந்த நிலையில் இருக்கிறார் என்று தெரிய இரண்டு சோதனைகள். கைப்பிடி இல்லாத, இருக்கை சுமார் 43 செண்டிமீட்டர் உயரமுள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 70 முதல் 74 வயதுப் பெண்ணுக்கு 10க்குக் கீழே இருந்தால் கால்வலு சராசரியைவிடக் குறைவு. அப்புறம் சமையல் மேடையின் அருகில், ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரல்நுனியில் ஒட்டி வைத்து, மேடையைத் தொடாமல் 10 விநாடி நிற்க முடிகிறதா என்று பாருங்கள். நீங்கள் பக்கத்திலேயே கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். 10 விநாடி முடியாவிட்டால் விழும் ஆபத்து கூடுதலாக இருக்கிறது. அப்படியானால் பிசியோ பார்க்கும்வரை எல்லா ஆட்டத்தையும் ஒரு கையால் எதையாவது பிடித்துக்கொண்டுதான் ஆட வேண்டும், வளையத்தை மகன் வைத்துக்கொள்ளட்டும். இரண்டு சோதனைகளின் முடிவையும் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காபி மேசையை ஓரங்கட்டுங்கள், சார்ஜர் வயரைச் சுருட்டுங்கள். சாமி மேடை ஹாலில் இருந்தால் குத்துவிளக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும். கனமான சாப்பாட்டு நாற்காலியின் முதுகை அவர் பக்கம் திருப்பி, சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் வையுங்கள். மெத்தென்ற ஃபோம் விரிப்பு வேண்டாம், பாதம் அதில் புதையும். வெறுங்காலும் வேண்டாம், சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டும் வேண்டாம். வீட்டுக்குள் செருப்புப் போடுவது நமக்குப் பழக்கமில்லைதான். ஆனாலும் பாதத்தை முழுதாகப் பிடிக்கும், அடிப்பகுதி வழுக்காத ஒரு ஜோடி காலணியை உள்ளே மட்டும் போட என்று தனியாக வாங்கி வையுங்கள். பக்கத்தில் நிற்பவர் நீங்களோ கணவரோ பணிப்பெண்ணோ, யாராவது பெரியவராக இருக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சற்றுப் பின்னால் நில்லுங்கள். 11 வயதுப் பையனால் விழும் பாட்டியைப் பிடிக்க முடியாது, அந்தப் பொறுப்பை அவன்மேல் போடவும் கூடாது.

முதல் இரண்டு வாரம் ஒரு வேளைக்கு 10 நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். மறுநாள் காலை முழங்கால் வீங்காமல் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக 20, 30 நிமிடத்துக்குப் போகலாம். சிட்னி ஆய்வில் வாரம் 120 நிமிடம் என்றுதான் இலக்கு வைத்தார்கள். உலகச் சுகாதார நிறுவனமும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு, சமநிலையையும் தசைவலுவையும் சேர்த்த பயிற்சி வாரத்தில் 3 நாளாவது வேண்டும் என்கிறது. இந்த வலுவை ஆட்டம் மட்டும் தந்துவிடாது. ஆடாத நாளிலும் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, இரண்டையும் பத்துப் பத்து முறை செய்யச் சொல்லுங்கள்.

சாப்பிட்டு ஒரு மணிநேரம் கழித்து ஆடுவது நல்லது, வெறும் வயிற்றில் வேண்டவே வேண்டாம். நீரிழிவு மாத்திரைகளில் சில சர்க்கரையைச் சட்டென்று இறக்கும். அவர் சாப்பிடுவது அந்த வகையா என்று மருந்தாளரிடம் கேளுங்கள். ஆட்டத்தின் நடுவே வியர்த்து, கை நடுங்கி, குழப்பமாகப் பேசினால் உட்கார வைத்து ரத்தச் சர்க்கரையை அளந்து பாருங்கள். 4க்குக் (mmol/L) கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி அளக்க வேண்டும். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் காத்திருக்காமல் 995ஐ அழையுங்கள்.

கழிவறைப் படியை மறந்துவிடாதீர்கள். எவ்வளவு ஆடினாலும் விழவைத்த இடம் அப்படியே இருந்தால் பயனில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு என்றால், முதியோருக்கான 'ஈஸ்' மேம்பாட்டுத் திட்டத்தில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரைப்பூச்சு, படிக்குச் சாய்தளம் எல்லாம் உண்டு. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு வீட்டு வகையைப் பொறுத்து செலவில் 87.5 முதல் 95 விழுக்காடு வரை அரசே ஏற்கிறது. வீட்டில் 65 வயதைத் தாண்டியவர் இருப்பதால் நீங்கள் விண்ணப்பிக்கலாம். இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். வேலை முடியும்வரை படியின் விளிம்பில் பளிச்சென்ற நிறத்தில் டேப் ஒட்டி, இரவு முழுக்க ஒரு சின்ன விளக்கை எரியவிடுங்கள்.

உங்கள் கணவரிடம் வாதாட வேண்டாம். முதல் நாள் ஆட்டத்தின்போது அத்தைக்குப் பக்கத்தில் நிற்கும் வேலையை அவரிடமே கொடுங்கள். அம்மாவின் கால் எங்கே தயங்குகிறது, எங்கே உறுதியாக ஊன்றுகிறது என்பதை அவரே பார்க்கட்டும்.

பிசியோவைப் பார்க்கப் போகும் முன், அத்தை ஆடுவதைக் கைப்பேசியில் ஒரு நிமிடம் படம்பிடித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டிலிருந்து, பாதம் தெரியும்படி எடுங்கள், முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அதோடு மாத்திரைப் பட்டியல், ரத்த அழுத்தக் குறிப்பு, எழுதிவைத்த இரண்டு சோதனை முடிவுகள், அவர் வழக்கமாகப் போடும் செருப்பு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். அத்தையின் இலக்கு என்னவென்று கேட்டால் 'சமநிலை' என்று நீங்கள் சொல்ல வேண்டாம். தேக்காவுக்குத் தனியாகப் போய் மீன் வாங்கி வர வேண்டும் என்று அத்தையையே சொல்ல விடுங்கள். பஸ் ஏறுவது, மின்படிக்கட்டில் கால் வைப்பது, ஈரத்தரையில் பையோடு திரும்புவது என்று அதற்குத் தேவையானதைப் பார்த்து அவர்கள் பயிற்சியை அமைப்பார்கள்.